அப்பாவுக்கு ஒரு சிகரெட்

"கொஞ்சம் தள்ளி உக்காருறீங்களா? நீங்க சாஞ்சிருக்கிறது எங்க அப்பா மேல."

நெவெனா திடுக்கிட்டு எழுந்தாள். விரலிடுக்கில் பாதி சிகரெட்... இமையில் மழைத்துளி... முகத்தில் திருடும்போது பிடிபட்ட களை. இவ்வளவு நேரமும் அவள் முதுகைக் கொடுத்திருந்த கறுப்புக் கல்லில், மீசை வைத்த ஒரு மனிதரின் முகம் செதுக்கப்பட்டிருந்தது. அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கோபித்துக்கொண்டவன் அவருடைய மகன். நெடிய உருவம், நனைந்த தொப்பி, கையில் பொட்டலம். கண்கள் மட்டும் டான்யூப் ஆறு மாதிரி, சாம்பலா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க... எங்க அம்மா இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. நான் பிடிக்கிறது அவங்களுக்குத் தெரியாது. அதான் மறைவா இந்தப் பக்கம் வந்து..."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. அம்மா மண்ணுக்குள் போய் இரண்டு வருடம் ஆகிறது. என்ன பேச்சு இது! ஆனால் அவன் சிரிக்கவில்லை. எட்டிப் பார்த்து, அந்தப் பக்கத்துக் கல்லுக்குத் தொப்பியைக் கழற்றி ஒரு வணக்கம் வைத்தான்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றான்.

அன்று நவம்பர் மாதத்து இறந்தோர் சனிக்கிழமை, வருஷத்துக்கு நாலு தடவை இறந்தவர்களுக்காக வருகிற நாள். அந்த நாளில் டான்யூப் கரை ஊரான எங்கள் ஸ்மெடெரெவோவில் உயிரோடிருக்கிறவன் எவனும் வீட்டில் உட்கார மாட்டான். மழையாவது பனியாவது... மெழுகுவத்தி, வேகவைத்த இனிப்புக் கோதுமை, ராக்கியா என்கிற பழச் சாராயம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கல்லறைக்கு வந்துவிடுவான். போனவருக்கு எது பிடிக்குமோ அது கல்லின் மேல் இருந்தாக வேண்டும். காப்பிப் பிரியருக்குக் காப்பி. புகை பிடித்தவருக்குப் பற்றவைத்த சிகரெட், கல்லோரம் மண்ணில் குத்தி... அது கடைசி வரை எரிந்தால் அவர் பிடித்துவிட்டார் என்று நமக்கு ஒரு நிம்மதி.

அவன் பொட்டலத்திலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தான். லைட்டரையும் எடுத்தான். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.  

"ஒரு உதவி... இதை நீங்க பத்தவெச்சுத் தருவீங்களா?"

"என்னது? உங்க அப்பாவுக்கு நீங்களே ஒண்ணு பத்தவெக்க மாட்டீங்களா? அதுக்கும் ஆள் வேணுமா உங்களுக்கு?"

"பத்தவெக்கணும்னா ஒரு இழுப்பு இழுக்கணும்," என்றான் அவன் மெதுவாக. "இழுத்தேன்னா நான் போச்சு. ரெண்டு தடவை விட்டு, ரெண்டு தடவையும் இங்கதான், இப்படி ஒரே ஒரு இழுப்புலதான் திரும்பப் பிடிச்சுக்கிச்சு."

 நெவெனா அதை அவன் கையிலிருந்து வாங்கி, உதட்டில் வைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டிப் பற்றவைத்தாள். மண்ணில் குத்தினாள். அவளுடைய உதட்டுச் சாயம் அதில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஏனோ வெட்கமாக இருந்தது.

அவன் பெயர் ராஸ்ட்கோ. ஆற்றுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவள் பெல்கிரேடில் டிராம் ஓட்டுகிறாள் என்றதும்தான் அவன் முதன்முதலாகச் சிரித்தான். "அப்போ ரெண்டு பேரும் நாள்பூரா கண்ணாடிக் கூண்டுலதான் இருக்கோம்."

"நான் கடைசி ஸ்டாப் வந்தா வெளிய வருவேன். சிகரெட்டுக்கு," என்றாள் அவள். "நீங்க?"

அவன் சட்டைப் பையிலிருந்து வேப் என்கிற மின்சிகரெட் ஒன்றை எடுத்துக் காட்டினான். கையகல சாதனம், மூடி தேய்ந்துபோயிருந்தது.

"பெரிய பாட்டில்ல இருக்கிற திரவத்துல நிக்கோட்டின் கிடையாது. சின்ன பாட்டில்ல இருக்கு. பெருசுல சின்னதைச் சொட்டுச் சொட்டாக் கலந்து இதுல ஊத்திக்கணும். ஒவ்வொரு தடவையும் சொட்டைக் குறைச்சுக்கிட்டே வர்றேன். ஒருநாள் சின்ன பாட்டிலைத் தூக்கிப் போட்டுருவேன்."

"அப்புறம் வெறும் ஆவியா? அதை இழுத்து என்ன பண்ணப் போறீங்க?"

"கைக்கும் வாய்க்கும் பழக்கம் இருக்குல்ல. அதுங்களுக்கு விஷயம் கடைசியாத்தான் தெரியணும். அப்புறம் அதையும் விட்டுருவேன்."

இந்தத் தடவை அவள் சிரித்துவிட்டாள். ஆனால் அடுத்து அவன் சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை.

"அப்பா இரும்பாலையில இருந்தார். கடைசி வருஷம் மூக்குல குழாயோட, ஜன்னல் பக்கம் உக்காந்தே தூங்குவார். போற அன்னிக்குக் காலையில என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டார். ஒரு சிகரெட். நான் குடுக்கல. பக்கத்துல ஆக்ஸிஜன் மெஷின், எப்படிக் குடுக்க முடியும்? திட்டினேன்... மத்தியானம் போயிட்டார்." அவன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "போன வசந்தத்துல டாக்டர் என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, உங்கப்பா அறுபதுல வந்து நின்ன இடத்துல நீ இப்பவே நிக்கிறேன்னார். அதனால நான் இழுக்கவும் கூடாது. அவருக்குக் குடுக்காம இருக்கவும் முடியாது. புரியுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. சிகரெட் மழையிலும் அணையாமல் அடிவரை எரிந்து முடியும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

அதன் பிறகு போன் வந்தது, போனது. அவளுடைய டிராம் பழுதாகி நின்ற கதையும், அவனுடைய கிரேன் மேல் கூடுகட்டப் பார்க்கும் காகத்தின் கதையும் மாறி மாறி ஊர்விட்டு ஊர் போய் வந்தன. பிப்ரவரியில் அடுத்த இறந்தோர் சனிக்கிழமை வருவதற்குள் நெவெனா நாட்காட்டியை எத்தனை தடவை பார்த்தாள் என்று கேட்கக் கூடாது. கல்லறைக்குப் போகிற நாளுக்கு யாராவது புதுக் கோட்டு வாங்குவார்களா? அவள் வாங்கினாள்.

பனி முழங்கால் அளவு கிடந்தது. அவன் அப்பாவுக்கு அவளே பற்றவைத்தாள். அம்மாவுக்கு அவன் மெழுகுவத்தி ஏற்றினான். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த மிலுங்கா அத்தை, ஊர்க் கண்ணையெல்லாம் தன் ஒரு முகத்தில் வைத்திருப்பவள், இருவர் கையிலும் கோதுமையை அள்ளித் திணித்துவிட்டு, "ஏன் கண்ணுங்களா, செத்தவங்களைப் பார்க்க வந்தீங்களா, ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வந்தீங்களா?" என்று உரக்கக் கேட்டாள். நெவெனாவின் காது மடல் வரை சூடேறியது. நல்லவேளை, பனி கொட்டிக்கொண்டிருந்தது.

குளிர் தாங்காமல் கல்லறைத் தோட்ட வாசலில் இருந்த கஃபானா என்கிற சாப்பாட்டுக் கடைக்குள் போனார்கள். அங்கேதான் வந்தது வினை. உள்ளே முகம் தெரியாத அளவுக்குப் புகை. எல்லா மேசையிலும் சாம்பல் கிண்ணம். நெவெனா கையுறையைக் கழற்றி, வழக்கம்போல ஒன்றைப் பற்றவைத்து, பெட்டியை மேசையில் வைத்தாள்.

ராஸ்ட்கோ சின்ன பாட்டிலைத் தூக்கிப் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதை அவளிடம் சொல்ல வேண்டும், சொல்லி அவள் கண் விரிவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்திருந்தான். வேப்பை இழுத்தான்... ஆவி வந்தது, ஆனால் தொண்டைக்கு ஒன்றும் வரவில்லை. அப்போது பார்த்தான். அவனுடைய வலது கை அவனைக் கேட்காமலே மேசையில் நகர்ந்து, அவளுடைய பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நாற்காலி சரிய எழுந்து வெளியே போய்விட்டான்.

பின்னாலேயே ஓடி வந்தாள் அவள், கோட்டுகூடப் போடாமல். "என்ன ஆச்சு? உடம்புக்கு முடியலையா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் கை என் பேச்சைக் கேட்கவில்லை, பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆண்பிள்ளை வீம்பு விடுமா?

"அந்த நாத்தம் தாங்கல," என்றான்.

நெவெனாவின் முகம் வெளுத்தது. "நாத்தமா? எது... நானா?"

அவன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தான்.

"அப்படியா! உங்க அப்பாவுக்குப் பத்தவெக்க மட்டும் என் வாய் வேணும். அப்போ நாறல. இப்போ நாறுதோ?" குரல் உடைந்தது. உடைந்தது அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று திரும்பிக்கொண்டாள். "அடுத்த தடவை வேற ஆளைப் பார்த்துக்குங்க."

கோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து பெல்கிரேடு வரை அழுதாள். புதுக் கோட்டின் கையை மோந்து பார்த்தாள். நாறியது. அவன் சொன்னது பொய் இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

அவன் கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. பிறகு அவன் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டான்.

ஜூன் மாதத்து இறந்தோர் சனிக்கிழமை அன்று ராஸ்ட்கோ மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனான். இன்று தானே பற்றவைப்பதுதான் வழி. வருவது வரட்டும்... அப்பாவின் கல்லருகே குனிந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மண்ணில் ஒரு சிகரெட் குத்தியிருந்தது. முழுதாக எரிந்து, அடிக்கட்டை மட்டும். அதில் உதட்டுச் சாயம்.

"விடிஞ்சதும் முதல் பஸ்ல வந்துட்டுப் போயிட்டா," என்றாள் மிலுங்கா அத்தை, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு. "நீ வர்றதுக்குள்ள போகணும்னு ஒரே பரபரப்பு. என்னடா பண்ணித் தொலைச்ச அந்தப் பொண்ணை?"

 கோபத்தோடு வந்தவள், பேசமாட்டேன் என்று போனவள், அவன் அப்பாவை மட்டும் பட்டினி போடவில்லை. அந்த அடிக்கட்டையைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காக வந்ததா அவளுக்காக வந்ததா... இரண்டுக்குமாகத்தான் இருக்கும்.

அந்தக் கோடையில் ஒருநாள் பெல்கிரேடு போய் அவளுடைய டிராமில் ஏறினான். ஓட்டுநர் கதவுக்கு நேர் பின்னால் நின்றான். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று கதவில் எழுதியிருந்தது. நல்ல பிள்ளையாக அதற்குக் கீழ்ப்படிந்து, கடைசி ஸ்டாப்புக்கு முந்தைய ஸ்டாப்பில் இறங்கிவிட்டான். கோழை!

இலையுதிர் காலத்து இறந்தோர் சனிக்கிழமை வந்தபோது மறுபடி மழை. பொடி மழை, நனைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மழை. ராஸ்ட்கோ விடிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். முதல் பஸ்ஸுக்கு முன்னால் வந்தால் அவள் எங்கே ஓடுவாள்?

அவள் வந்தாள். மழை விழுந்த கண்கள். அவனைப் பார்த்ததும் நின்றாள். ஓடவில்லை.

"நெவெனா... நாத்தம்னு சொன்னது பொய்," என்றான் அவன், எழுந்ததும் எழாததுமாக. "அன்னிக்கு என் கை உங்க பெட்டி மேல இருந்துச்சு. இன்னொரு நொடி உள்ள இருந்திருந்தா எடுத்திருப்பேன். பயந்து ஓடினேன். பயந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் வாய்க்கு வந்ததை..."

"தெரியும்."

"தெரியுமா?"

"டிராம்ல என் பின்னால நின்னீங்களே, கண்ணாடியில பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். அந்தக் காலி வேப்பைக் கையில வெச்சுக்கிட்டு, மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி... ஸ்டாப் ஸ்டாப்பா தவிச்சீங்க. அப்போ புரிஞ்சுது." அவள் கீழே பார்த்தாள். "எனக்கும் அந்தத் தவிப்பு அப்போ பழகியிருந்துச்சு."

அது என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. பொட்டலத்திலிருந்து சிகரெட்டை எடுத்து, தயங்கித் தயங்கி அவளிடம் நீட்டினான். "அப்பாவுக்கு..."

நெவெனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னால முடியாது, ராஸ்ட்கோ."

"இன்னும் கோபமா?"

"இல்ல." அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு வேப்பை எடுத்து அவன் கண் முன்னால் காட்டினாள். "இதுல நிக்கோட்டின் ஒரு சொட்டுகூட இல்ல. போன மாசத்துல இருந்து. ஜூன்ல உங்க அப்பாவுக்குப் பத்தவெச்சேன் பாருங்க... அதுதான் நான் கடைசியா இழுத்த சிகரெட். இப்போ இழுத்தா நானும் போச்சு."

அவன் அவளையே பார்த்தான். மழை இருவர் நடுவிலும் பெய்துகொண்டிருந்தது. சிரிக்க வாயைத் திறந்தவனுக்குக் கண்தான் முந்திக்கொண்டு நிறைந்தது.

கடைசியில் அவன் குனிந்து, சிகரெட்டின் நுனியை மெழுகுவத்திச் சுடரில் காட்டினான். இழுக்க ஆளில்லாமல் அது கருகியது, ஒரு நூல் புகை விட்டது, அணைந்தது. மறுபடி காட்டினான். மறுபடி அணைந்தது. அதைத் துடைத்துக் கல்லின் மேல், மீசைக்காரரின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அப்பா... அன்னிக்குக் குடுக்கல. இன்னிக்கும் குடுக்க முடியல. கோச்சுக்காதீங்க. பத்தவெக்கிறதுக்கு எங்க ரெண்டு பேர்ல யாரும் மிச்சம் இல்ல."

நெவெனா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"எங்க ரெண்டு பேர்னா... யாரு யாரு?"

"நீயும் நானும்," என்றான். முதல் தடவையாக 'நீ' என்று. "உன்னைப் பிடிச்சிருக்கு, நெவெனா. எங்க அப்பா மேல சாஞ்சிருந்த அந்த முதல் நாள்ல இருந்து. போன தடவை வாய் பயந்து பொய் சொல்லிடுச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா இது நெஜம்."

 அவள் அவன் கையைப் பிடித்தாள்.  அந்தக் கையை விடாமல் இழுத்துக்கொண்டு கல்லைச் சுற்றி அந்தப் பக்கம் நடந்தாள். இத்தனை நாளும் மறைந்து மறைந்து நின்றவள், இன்று அம்மாவின் கல்லுக்கு நேர் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா," என்றாள்.  "உனக்குத் தெரியாம நான் சிகரெட் பிடிச்சுக்கிட்டிருந்தேன். விட்டுட்டேன். இவர் ராஸ்ட்கோ. எனக்கும் இவரைப் பிடிச்சிருக்கு... இதை உன்கிட்ட மறைக்க மாட்டேன்."