'எஸ்' குடும்பத்தார்

"சார், இல்லாத ஆளுங்களை நான் கம்ப்யூட்டர்ல சேர்த்துட்டேன்னு சொல்றாங்க!"

மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில், துப்பறிவாளர் சந்திரமௌலியின் அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்தாள் தபஸ்ஸும். மருந்துக் கம்பெனி ஒன்றின் நெட்வொர்க்கைக் கவனிப்பவள். கம்பெனியில் ஊழியர்கள் நாலாயிரம் பேர்தான். பெயர்ப் பட்டியலோ பத்தாயிரத்தைத் தொட்டு, இனி ஒரு பெயரும் ஏற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. மறுநாள் அடையாறு கிளை திறப்பு. நாலு மணிக்குள் காரணம் தெரியாவிட்டால் தபஸ்ஸுமின் பெயரையே எடுத்துவிடுவாராம் மேனேஜர் சுப்பராமன்.

"ஆறாயிரம் பேய் சார்! எவனோ உள்ள பூந்துகினு கீறான்!" என்று துள்ளினான் உதவியாளன் வெள்ளைத்துரை. ஆழம் தெரியாமல் காலை விடுவதில் அவனுக்கு நிகர் அவனேதான்.

"காபியைக் குடிடா" என்ற சந்திரமௌலி, அவள் கொண்டுவந்த பட்டியலைப் புரட்டினார். "குடும்பப் பெயர் வெறும் 'எஸ்'னு அறுநூறு பேரா? பெரிய குடும்பம்தான்! யாரும்மா இதையெல்லாம் ஏத்தறா?"

"கிளைக்கு ஒரு கிளார்க் சார். மாத்தலாகி வர்றவங்க பேரைத் தேடிப் பார்ப்பாங்க. கிடைக்கலைன்னா புதுசா சேர்ப்பாங்க."

மூன்றரை மணிக்கு மேனேஜர் அறையில் மூன்று கிளைகளின் கிளார்க்குகளும் நின்றார்கள். ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார் சந்திரமௌலி.

"மேனேஜர் பேரைக் கம்ப்யூட்டர்ல ஏத்தற மாதிரி எழுதுங்கோ. முதல் பெயர், அப்புறம் குடும்பப் பெயர்."

மயிலாப்பூர் எழுதியது: சுப்பராமன், எஸ். சைதாப்பேட்டை: எஸ், சுப்பராமன். தி.நகர்: சுப்பராமன், சுவாமிநாதன்.

"சுவாமிநாதன் எங்கப்பாய்யா!" என்று அலறினார் மேனேஜர்.

"நம்ம ஊர்ல ஏது சார் குடும்பப் பெயர்? அந்தக் கட்டம் காலியா இருந்தா மெஷின் விடாது. ஒருத்தர் இனிஷியலைப் போடறார், ஒருத்தர் அப்பாவையே போடறார். இங்க ஏத்தின பேர் அங்க தேடினா அகப்படாது. உடனே புது ஆள்! பேயும் இல்லை, திருடனும் இல்லை. எல்லாம் உங்க ஆட்களேதான்" என்றார் சந்திரமௌலி.

தபஸ்ஸும் விசையைத் தட்டினாள். மேனேஜர் மூன்று கிளைகளிலும் வேலை பார்த்தவர்; திரையில் மூன்று சுப்பராமன்கள் வந்து நின்றார்கள்.

"இன்னா சார், நீயே மூணு பேய்!" என்று வெள்ளைத்துரை விழுந்து விழுந்து சிரித்தான். மேனேஜரும் சிரித்துவிட்டார். தபஸ்ஸுமுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"அதிகப்படி பேரையெல்லாம் எடுத்துடட்டுமா சார்? அடையாறுக்கு இடம் கிடைச்சுடும்."

"எடும்மா. என்னைக்கூட ரெண்டு தடவை எடுத்துடு." மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உன் பேர் மேல மட்டும் கை வைக்காதே."