சிவப்பு மூடி போட்ட குழாய்

ட்ரிங்... ட்ரிங்!

துணை ஷெரீஃப் டீனா காபியை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்துத்தான் போன் அலறியது.

"டீனா! கொள்ளை! என் எண்ணெய் பூரா போச்சு!"

இர்மா ஹாஸ்கெல். வயது எழுபத்திரண்டு. குரலுக்கு மட்டும் இருபத்திரண்டு.

"சமையல் எண்ணெயா?"

"அடிப்போடி! ஹீட்டர் எண்ணெய்! கவர்ன்மென்ட் உதவியில திங்கக்கிழமை ரொப்பினது. இன்னிக்கு வியாழன். டாங்க்கைத் தட்டினா டங்குடங்குங்குது!"

டீனாவுக்குக் காபி கசந்தது. மெய்ன் மாநிலத்தின் வடகோடி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. அரசு எண்ணெய் ஒரு குளிர்காலத்துக்கு ஒரே தடவைதான். அது போனால் இர்மாவின் கதி...?

பத்தே நிமிடத்தில் ஜீப் அந்த இரட்டை வீட்டின் முன் நின்றது.

இடது பாதி இர்மாவுக்கு. வலது பாதி வெர்ன் டுபேவுக்கு. ஓய்வு பெற்ற மரம்வெட்டி. மகா ரோஷக்காரர்! அரசு உதவிக்கு மனு போடச் சொன்னவர்களை எல்லாம் வாசலோடு விரட்டியவர்.

பக்கச் சுவரில் எண்ணெய் ஊற்றும் குழாய்கள் இரண்டு. கீழே ஞாயிறு இரவு விழுந்த பனி. அதில் ஒரே ஜோடி பூட்ஸ் தடம். கூடவே ஹோஸ் இழுத்த கோடு. இரண்டும் எண்ணெய் ஊற்றியவனுடையவை.

திருடனின் தடமே இல்லை!

எண்ணெய் லாரி டிரைவர் ராஸ்கோவை போனில் பிடித்தாள்.

"சத்தியமா ஊத்தினேன் மேடம்! டாங்க் ரொம்பற வரைக்கும் விசிலடிக்கும். விசில் நிக்கிற வரைக்கும் நின்னு கேட்டேன்!"

"எந்தக் குழாய்ல?"

"இர்மாம்மா குழாய்தான். அடையாளத்துக்குச் சிவப்பு மூடி போட்டிருப்பாங்களே!"

டீனா நிமிர்ந்து பார்த்தாள். சிவப்பு மூடி... வலது பக்கத்து வெர்னின் குழாயில் இருந்தது!

நிலவறைக்கு ஓடினாள். வெர்னின் டாங்க் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தது.

"நான் திருடனா?" வெர்ன் குதித்தார். "அடுத்தவன் விறகைக்கூடத் தொட்டதில்ல!"

"மூணு நாளா வீடு வெதுவெதுன்னு இருந்துதே, சந்தேகம் வரலையா?"

"இந்த வருஷம் குளிர் கம்மின்னு நெனச்சேன்!"

டீனா சிரிப்பை விழுங்கினாள்.

"உறிஞ்சி அவ டாங்க்லயே ஊத்திடுங்க!" என்றார் வெர்ன்.

"உங்க டாங்க் கசடோட கலந்தாச்சு. எண்ணெய்க்காரன் தொடமாட்டான்."

படியிறங்கி வந்த இர்மா மூக்கை உறிஞ்சியபடி அரசு உதவி மனுத் தாள் ஒன்றை நீட்டினாள். "நீ மனு போட்டா உன் பங்கை எனக்கு ஊத்தச் சொல்லலாம், வெர்ன்..."

"தர்மத்துக்குக் கையேந்த மாட்டேன்!"

"யாரு ஏந்தச் சொன்னா? எனக்குத் திருப்பித் தர்ற!"

வெர்ன் தாடியைப் பிய்த்தார். முனகினார். கையெழுத்துப் போட்டார்.

"ஆபீஸ்ல நான் பேசிக்கறேன்" என்று தாளை வாங்கிய டீனா திகைத்தாள். வெர்னின் பெயர், முகவரி எல்லாம் ஏற்கெனவே இர்மாவின் கையெழுத்தில் நிரம்பியிருந்தன!

வெளியே போய்ச் சிவப்பு மூடியைத் திருகினாள். மரையில் உறைந்திருந்தது ஒரு பச்சைக் கம்பளி இழை. பின்னாலேயே வந்து நின்ற இர்மாவின் பச்சைக் கையுறையில் கட்டைவிரல் பிரிந்திருந்தது.

"பனி விழறதுக்கு முன்னாடியே மூடிய மாத்தினது நீங்கதானே?"

இர்மா தலை குனிந்தாள். "சுவருக்கு அந்தப் பக்கம் ஓயாத இருமல், டீனா. கோட்டைப் போட்டுக்கிட்டே தூங்கறான். கேட்டா நல்லாத்தான் இருக்கேன்ங்கறான். எனக்குத் தாங்கல."

டீனா இழையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அவர் கையெழுத்துப் போடலன்னா வெறச்சுப் போயிருப்பீங்களே!"

"போடுவான்னு தெரியும். மிச்ச எண்ணெய் நேத்து வரைக்கும் தாங்கிச்சு; உறைஞ்சு வெடிக்காம இருக்க வீட்டுக் குழாய்த் தண்ணியக்கூட வடிச்சுட்டேன்."

"சரி, எண்ணெய் வர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் எங்க இருப்பீங்க?"

இர்மா கண்ணைச் சிமிட்டினாள்.

"வெர்ன் வீட்டுலதான். அங்க இந்த வருஷம் குளிர் கம்மியாமே!"