பின்சீட்டுப் பயணிகள்

முதலில் செத்தது ஹாரன்தான்.

"அடுத்த ஸ்டாப்பிங் ஆஸ்பத்திரி! எறங்குறவங்க எல்லாம் முன்னாடி வாங்க!" என்று கூவிவிட்டு அவள் ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். குடியிருப்பின் அடித்தளம் முழுக்க முட்டி மோதித் திரும்பி வரவேண்டிய சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். ஊஹூம்.

"டிரைவர், ஏன் ஹாரன் அடிக்கல?" பின்சீட்டிலிருந்து அதட்டல் வந்தது.

"ஹாரனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பாசஞ்சர் ஒரு வாய் சாப்பிட்டா சரியாயிடும்."

இந்த பஸ் விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளுடைய மகள், வீட்டில் எல்லோருக்கும் சுண்டு, நான்கு வயதாகியும் சாப்பாட்டைக் கண்டால் ஜன்ம விரோதியைக் கண்டதுபோல வாயை இறுக்கிக்கொள்வாள். கெஞ்சி, கொஞ்சி, மிரட்டி, தானே உட்கார்ந்து அழுதும் பார்த்தாகிவிட்டது. ஒருநாள் அவசரத்துக்குக் காரிலேயே கிண்ணத்தைக் கையில் கொடுத்தபோது, பிள்ளை மூச்சுக் காட்டாமல் மொத்தத்தையும் காலி செய்துவிட்டது. போதாதா? அன்றிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்ததும் கிண்ணமும் கையுமாக மகளைத் தூக்கிக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கிவிடுவாள். நிற்கிற காரில் அவள் டிரைவர். பின்னால், குழந்தை சீட்டில் பெல்ட் போட்ட சுண்டு, பயணி. டிரைவர் திரும்பியும் பார்க்கக் கூடாது, கண்ணாடியிலும் பார்க்கக் கூடாது என்பது சுண்டு போட்ட சட்டம். பார்த்தால் பஸ்ஸும் நின்றுவிடும், சாப்பாடும் நின்றுவிடும். கடைசி ஸ்டாப்பிங்கில் திரும்பும்போது கிண்ணம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அந்தக் காலிக் கிண்ணத்துக்காக அவள் எத்தனை ஊருக்கு வேண்டுமானாலும் பஸ் விடுவாள்.

எடை மட்டும் ஏறவில்லை. ஏறாததோடு இறங்கவும் செய்தது. குழந்தைகள் டாக்டர் தராசைப் பார்த்தார், சுண்டுவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"வீட்டுல ஒழுங்கா சாப்பிடறாளா?"

"கிண்ணத்த வழிச்சு வச்சிடறா டாக்டர்."

"அப்புறம் எங்கதான் போகுது அவ்வளவும்? இப்படியே இறங்கிட்டிருந்தா அட்மிட் பண்ணித்தான் பாக்கணும். பிள்ளை தாங்கமாட்டாம்மா."

அந்தக் கடைசி வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. கிண்ணத்தைப் பெரிதாக்கினாள். அதுவும் காலியாயிற்று.

ஹாரனைப் பார்க்க வந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் சிரித்தார். "எலி வேலைக்கா. இப்ப எல்லா வண்டியிலயும் இதே கூத்துதான்." பிறகு இன்னும் குனிந்தார். "ஆனா இது கொஞ்சம் படிச்ச எலி போலிருக்கு. கண்டதையும் கடிக்கல. ஹாரன் வயரு, கண்ணாடி ஏத்தி இறக்குற வயரு, கதவு லாக் வயரு. இந்த மூணுதான். பக்கத்து வயர்ல ஒரு பல்லுகூடப் படல பாருங்க."

பின்சீட்டைத் தூக்கியபோது அவர் சிரிப்பு நின்றது. அடியில் ஒரு தலையணை அளவுக்குக் கூடு. சீட்டுப் பஞ்சு, துடைக்கிற காகிதம், பெல்ட்டின் நார், எல்லாவற்றையும் கிழித்துக் கிழித்து வட்டமாக அடுக்கியிருந்தது. அதன் நடுவில் மிருதுவாகக் கருப்பாக ஏதோ பின்னிக் கிடந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். முடி. சின்னப் பிள்ளையின் முடி.

"கூடு இருக்கு, குடித்தனம் இல்ல," என்றார் மெக்கானிக், கூட்டை அள்ளிக் குப்பைப் பையில் போட்டபடி. "சத்தம் கேட்டு எல்லாம் ஓடிடுச்சு. வயரை மாத்திடறேன், கவலைய விடுங்க."

மீதியை அவள் கொழுந்தன் பார்த்துக்கொண்டான். கணவனுக்கு இரவு ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். வீட்டில் ஆணி அடிப்பதிலிருந்து மோட்டார் கழற்றுவது வரை எல்லாம் கொழுந்தன்தான். கழற்றியதைத் திரும்ப மாட்டியதாகச் சரித்திரம் இல்லை. அதனாலேயே அவனுக்கு வீட்டில் விஞ்ஞானி என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காருக்கு அடியில் படுத்து, கண்ணில் பட்ட ஓட்டையை எல்லாம் இரும்பு வலை வைத்து அடைத்தான். ஏசிக்குக் காற்று போகும் வழியைக்கூட விடவில்லை.

"இனி ஒரு எறும்பு உள்ள நுழையட்டும் பாக்கலாம் அண்ணி!"

"உள்ள எதுவும் இல்லன்னு பாத்துட்டுத்தானே அடைச்ச?"

"அதான் மெக்கானிக்கே பாத்துட்டாரே. நீங்க வேற."

அந்த வாரமே சுண்டுவுக்குக் காய்ச்சல் வந்தது. காருக்குப் போகவில்லை. கட்டிலில் வைத்து ஊட்டியதெல்லாம் தலையணைக்குத்தான் போயிற்று. காய்ச்சல் வேகத்தில் பிள்ளை ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டது. "பஸ்சுக்குப் போலாம்மா. பாவம்மா, காத்துட்டிருப்பாங்க."

"யாரு கண்ணு?"

சுண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காய்ச்சல் விட்ட அன்று மாலை, மசித்த காயும் முட்டையும் நிறைத்த பெரிய கிண்ணத்தோடு அவள் அடித்தளத்துக்கு இறங்கினாள். போனை வழக்கம்போல மேலேயே வைத்துவிட்டாள்; போனைப் பார்த்தால் சுண்டு பொம்மைப் படம் கேட்பாள், சாப்பாடு அம்போ. ஆள் நடமாடினால் மட்டும் எரியும் விளக்குகள் அவர்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக எரிந்து, பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன. கார்க் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த காற்று, மழையில் நனைந்த கோணியும் காய்ந்த மூத்திரமும் சேர்ந்த வாடையோடு, பூட்டிய காரில் இருக்கக்கூடாத ஒரு வெதுவெதுப்போடு, யாரோ பலர் நெருக்கியடித்து உட்கார்ந்து இப்போதுதான் மூச்சு விட்டதுபோல இருந்தது. விஞ்ஞானியை மனதுக்குள் நன்றாகத் திட்டினாள். காற்றுப் போகும் வழியை எல்லாம் அடைத்தால் நாறாமல் என்ன செய்யும்?

சுண்டுவுக்கு பெல்ட் போட்டாள். கிண்ணத்தைக் கொடுத்தாள். முன்னால் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"ரைட் ரைட்! பஸ் கெளம்பிருச்சு!"

பின்னால் கரண்டிச் சத்தம் கேட்டது. கூடவே இன்னொரு சத்தம். காய்ந்த இலைமேல் தூறல் விழுவதுபோல, மெதுவாக, விடாமல், சீட்டுக்கு அடியிலும் கதவுப் பலகைக்கு உள்ளேயும் கால் வைத்திருந்த மிதியடிக்குக் கீழேயும்.

டொக்.

நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. அவள் எதையும் தொடவில்லை. ஜன்னல் பொத்தானை அழுத்தினாள், கண்ணாடி அசையவில்லை. ஹாரன், ஊமை. சாவியைத் திருப்பினாள். டாஷ்போர்டு விளக்குகள் ஒரு கணம் மங்கி, அப்படியே அணைந்துபோயின. கதவுக் கைப்பிடியை இழுத்தாள். தொளதொளவென்று கையோடு வந்தது, கதவு வரவில்லை. 'வெளியிலிருந்து பூட்டிட்டா உள்ளிருந்து எவனாலயும் திறக்க முடியாது அண்ணி, திருடனுக்கே தண்ணி காட்டும்' என்று கார் வாங்கிய அன்று கொழுந்தன் பெருமையடித்துக்கொண்ட அந்தப் பூட்டு. சாவியிலிருந்த பொத்தானை அழுத்தி அழுத்தி அவள் கட்டைவிரல் வலித்தது.

"டிரைவர்," என்றாள் சுண்டு, குரலில் அத்தனை குஷி. "இன்னிக்கு பஸ் ஃபுல்லு."

அவள் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. "யார்... யாரெல்லாம் ஏறியிருக்காங்க கண்ணு?"

"எல்லாரும்."

வாசல் பக்கமிருந்து கசிந்த மங்கல் வெளிச்சத்தில், தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தாள். சுண்டு கரண்டி நிறைய எடுத்து, நிதானமாக, பாசமாக, தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் கீழே, சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள இருட்டுக்குள் நீட்டினாள். கரண்டி சுத்தமாக மேலே வந்தது. அடுத்த வாய். அடுத்த வாய். நன்றாகப் பழகிய கை. எத்தனை மாதமாக? ஐயோ, எத்தனை மாதமாக இந்தப் பிள்ளை ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இப்படி ஊட்டிக்கொண்டிருந்தது? நான் முன்னால் உட்கார்ந்து ஊர்ப்பெயர் கூவிக்கொண்டிருந்தேனே!

அப்போது அடித்தளத்தில் விளக்கு எரிந்தது. நான்காம் மாடிக்காரர், தோளில் பையோடு, தன் காரைப் பூட்டிவிட்டு லிஃப்டை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவள் இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். "சார்! சார்! கதவைத் திறங்க! சார்!" தொண்டை கிழியக் கத்தினாள். அவர் நின்றார். பார்த்தார். முகம் மலர்ந்தது. தினமும் பார்க்கிற காட்சிதானே, கையை ஆட்டி, கண்ணாடியைத் தட்டி, தொண்டை கிழியக் கூவி, பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டுகிற அம்மா.

"சுண்டு, இன்னிக்கு எந்த ஊருக்கு பஸ்சு?" என்று குனிந்து கேட்டார். அடைத்த கண்ணாடிக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. பதிலுக்கு அவரும் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார். அவள் அழுதாள், கும்பிட்டாள், கதவைக் காட்டினாள். "அடேங்கப்பா, உங்கம்மா சினிமாவுல நடிக்கலாம்!" என்று சிரித்துவிட்டு அவர் லிஃப்டுக்குள் போய்விட்டார்.

விளக்கு அணைந்தது.

மேலே தேடுவார்கள் என்று நினைத்தாள். யார் தேடுவார்கள்? சுண்டு ஒரு கிண்ணம் சாப்பிட எத்தனை நேரமாகும் என்பது ஊருக்கே தெரியும். செருப்புக் காலால் கண்ணாடியை உதைத்தாள். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, குதிகால்தான் விண்ணென்று தெறித்தது.

கரண்டி கிண்ணத்தின் அடியைச் சுரண்டியது.

"அம்மா. தீந்துபோச்சு."

தூறல் சத்தம் நின்றது. அதுதான் பயங்கரமாக இருந்தது. எல்லாம் ஒன்றாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

"இவங்களுக்கு இன்னும் வேணுமாம், அம்மா."

அவள் இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்தாள். கை ஊன்றிய இடம் சீட் துணி இல்லை. மெத்தென்று, வெதுவெதுப்பாக, உள்ளங்கைக்குக் கீழே அசைந்தது. கத்தவில்லை. கத்தினால் பிள்ளை பயந்துவிடும். தட்டுத்தடுமாறிப் பெல்ட்டைத் தேடினாள். கழற்றினாள். சுண்டுவை வாரி எடுத்துத் தோளில் போட்டு, காலை மடக்கி சீட்டின்மேல் ஏறி, தலை கூரையில் இடிக்க முடிந்தவரை உயரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. இவ்வளவு லேசா? என் பிள்ளை இவ்வளவு லேசாகவா போய்விட்டாள்?

கீழே அசைவு தொடங்கியது. சீட்டின் ஓரத்தில் நகங்கள். ஏறுகின்றன. அவசரமே இல்லாமல். பழகிய வழி.

சுண்டுவின் பாதத்தை ஏதோ தொட்டது. "ஏய், கூசுது!" என்று சுண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் அவளுக்குள் எல்லாம் அறுந்தது. இவளைத் தொடக்கூடாது. இவளை மட்டும் தொடக்கூடாது. வேறு என்ன இருக்கிறது கொடுக்க? ஒன்றும் இல்லை.

இருந்தது.

பிள்ளையை இடது கையால் இறுக்கிக்கொண்டாள். வலது கையின் விரல்களைக் குவித்து, மெல்லக் கீழே, சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் இறக்கினாள்.

ஏறிய நகங்கள் நின்றன. திரும்பின. எல்லாம்.

முதலில் மீசைகள். பிறகு சின்னச் சின்ன ஈர மூக்குகள். பிறகு.

உதட்டைக் கடித்துக்கொண்டாள். சத்தம் வரக்கூடாது. கையை இழுக்கக்கூடாது. இழுத்தால் மேலே வரும். கண்ணில் நீர் கொட்டியது. முழங்கை வரை சூடு. கீழே நக்கும் சத்தம். யாராவது வருவார்கள். அதுவரைக்கும் போதும். அதுவரைக்கும் இருந்தால் போதும்.

சுண்டு அவள் தோளில் சாய்ந்து, குனிந்து, ரொம்ப நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குட்டி வயிற்றுக்குள் கடமுடவென்று ஏதோ உருண்டது.

"அம்மா," என்றாள் காதோடு. "எனக்கும் பசிக்குது."

பிள்ளையின் மூச்சு அவள் கழுத்தில் சூடாகப் பட்டது. பிறகு, மெதுவாக, அந்தச் சின்ன வாய் அகலத் திறந்தது.