பட்டியலில் ஆறாவது

போன் அடித்தது.

திங்கட்கிழமை, காலை பதினொன்று பத்து. என் மேஜையில் ஏற்கெனவே ஒரு போன் அடித்துக்கொண்டிருந்தது. அது கம்பெனி போன். இன்டர்நெட் வரவில்லை என்று திட்டுகிறவர்களுக்கானது. இது என் சொந்த போன். தங்கை.

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்தேன்.

“அக்கா, உன் கம்பெனிக்காரன் ஒயரை மட்டும் நீட்டிட்டுப் போயிட்டான். வைஃபை பெட்டியை நீங்களே மாட்டிக்கோங்கங்கிறான்.”

“உள்ளே விட்டியா அவனை?”

“விடலை. யாரையும் விடாதேன்னு நீதானே சொன்னே. கதவு இடுக்கு வழியா ஒயரை வாங்கினேன். பாம்பு பிடிக்கிற மாதிரி.”

அவள் அப்படித்தான். வீட்டில் அவள் பெயர் வாலு. முப்பத்தொரு வயதாகியும் அந்த வால் உதிரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்புதான் கணவனை விட்டு வந்திருந்தாள். இரண்டு பை, ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், ஒரு வாசல் கேமரா, கழுத்தில் நான்கு விரல் தடம். ஊரின் மறுகோடியில், ஐந்தாவது மாடியில், ஓர் அறை வீடு பிடித்துக் கொடுத்தேன். விதிகளையும் நானே போட்டேன். புது சிம். கதவில் பெயர் கிடையாது. ஜன்னலில் கனத்த திரை. எங்களைத் தெரிந்தவர்களில் முகவரி மூன்றே பேருக்கு... அவள், நான், என் வீட்டுக்காரர்.

“பெட்டி எவ்ளோ பெருசா இருக்கு?” என்றேன்.

“சோப்பு டப்பா. இதுவா வேலை செய்யும்?”

“உன் வீடே தீப்பெட்டி. அதுக்கு இது தாராளம். நீலக் கலர் ஓட்டையில சுவத்து ஒயரைச் சொருகு. அப்புறம் கரண்ட். விளக்கு என்ன கலர்?”

“சிவப்பு.”

“பொறு.”

“இன்னும் சிவப்பு.”

“பொறுன்னேன்.”

“உன்கிட்ட பேசறவங்க எல்லாம் உன்னை எப்படிக்கா சும்மா விடறாங்க? இரு... பச்சை. பச்சை வந்துடுச்சு.”

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பெயரைத் தேடிப்பிடித்து லேப்டாப்பை இணைக்கச் சொன்னேன். செட்டிங்ஸ் பக்கம் திறந்தது. கம்பெனி வைத்த பெயரை அழித்துவிட்டுப் புதுப் பெயர் போடச் சொன்னேன்.

“என்ன பேரு வச்சே?”

“‘உள்ளே வராதே’.”

சிரித்தேன். கம்பெனி போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

லேப்டாப் சேர்ந்தது. போன் சேர்ந்தது. டேப் சேர்ந்தது. பிரிண்டர் சேரவில்லை. கேமராவும் சேரவில்லை.

“கேமரா சுத்திக்கிட்டே இருக்கு. ஏதோ கோட் கேக்குதுக்கா.”

“அது வந்த அட்டைப்பெட்டியில ஒட்டியிருக்கும்.”

“அட்டைப்பெட்டி அங்க இருக்கு.”

அங்கே என்றால் எங்கே என்று இருவருக்கும் தெரியும்.

பிரிண்டர் காத்திருக்கலாம். கேமரா காத்திருக்க முடியாது. கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் அவள் திறக்கக்கூடாது. என் விதிகளில் அதுதான் முதலாவது. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்லும் யோசனையை அவளுக்கும் சொன்னேன்.

“அப்ப ஒண்ணு செய். பேரு, பாஸ்வேர்டு ரெண்டையும் பழைய வீட்டுல இருந்த மாதிரியே வச்சிடு. ஒரு எழுத்து மாறக்கூடாது. கேமரா பழைய வீடுன்னு நினைச்சுக்கிட்டுத் தானா ஒட்டிக்கும்.”

“அந்தப் பேரா? அது அவன் வச்சதுக்கா.”

“பேரு கடிக்காதுடி. உனக்குக் கேமரா வேணுமா, வேண்டாமா?”

பட்டன்கள் தட்டும் சத்தம் கேட்டது. ‘சோம்பேறிகள்’. கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் வரை தூங்குவார்களாம். அதற்காக வைத்த பெயர்.

“பிரிண்டர் வந்துடுச்சு... கேமராவும் வந்துடுச்சுக்கா. என் மூக்கு தெரியுது. இவ்ளோ பெருசாவா இருக்கு என் மூக்கு?”

“அப்பா மூக்கு. வேற எப்படி இருக்கும்? பெட்டியைக் கீழ போட்டு வைக்காதே. உயரமா, கதவுப் பக்கம் இருக்கிற தட்டுல வை.”

“சரி மேடம். அழைத்தமைக்கு நன்றி மேடம்.”

வைத்துவிட்டாள்.

நாங்கள் பேசியது அதுதான் கடைசி.

வியாழக்கிழமை. மாலை நாலு இருபது.

அவள் நம்பரிலிருந்து அழைப்பு.

“என்னடி, மறுபடி சிவப்பா?” என்றேன்.

“நான் இன்ஸ்பெக்டர் பேசறேன்” என்றது ஒரு பெண் குரல். “நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?”

வாலு கதவுக்கும் மேஜைக்கும் நடுவில் கிடந்தாள். ஒரு செருப்பு காலில் இருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் செய்வது அவள் வேலை. கழுத்தைச் சுற்றி நெரித்திருந்தது அந்த ஹெட்போன் ஒயர்தான். ஒயர் பிடுங்கப்பட்ட லேப்டாப்பிலிருந்து, யாரோ ஒரு டாக்டர் யாரோ ஒரு நோயாளிக்கு மூச்சு சீராக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கான்ஸ்டபிள் ஒருவர் போய் அதை நிறுத்தினார்.

கொன்றவனைத் தேட வேண்டியிருக்கவில்லை. கேமரா நன்றாக வேலை செய்திருந்தது.

மூன்று ஐந்துக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வாசலில் நிற்கிறது. அதற்கு மேலே பார்சல் கம்பெனித் தொப்பி. முகம் இல்லை. கதவு திறக்கிறது. அட்டைப்பெட்டி இறங்குகிறது.

அவள் கணவன்.

பார்சல் வண்டி ஓட்டுகிறவன். வேலை உடுப்பிலேயே வந்திருந்தான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் கூப்பிட, போலீஸ் வந்தபோது தரைத்தளத்தில் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தானாம். ஓடவில்லை. லிப்ட்டுக்கு வழி விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தானாம்.

நான்கு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே பேசினார்.

“கொன்னது யாருங்கிறதுல பிரச்சினை இல்லம்மா. வழி காட்டினது யாரு? வீட்டு அட்ரஸ் எத்தனை பேருக்குத் தெரியும்?”

“மூணு பேருக்கு.”

“ஒருத்தங்க போயிட்டாங்க. மீதி ரெண்டு.”

“அவன் என்ன சொல்றான்?”

“‘யாரும் குடுக்கல மேடம், அதுவா வந்துச்சு.’ எத்தனை தடவை கேட்டாலும் இதே பல்லவி. அட்ரஸ் என்ன, பறவையா, அதுவா வர்றதுக்கு?”

“நடிக்கிறான் மேடம்.”

“யாரையோ காப்பாத்தறான்.” மிட்டாய் மறு கன்னத்துக்குப் போனது. “உங்க வீட்டுக்காரரும் அவனும் எப்படி?”

“சகலைங்க.”

“அது எனக்கும் தெரியும்மா. எப்படின்னு கேட்டேன்.”

ஒரு தாளைத் தள்ளினார். என் வீட்டுக்காரர் நம்பர். அவன் நம்பர். அந்த மூன்று வாரத்தில் ஏழு அழைப்புகள். ஒன்று நாற்பத்திரண்டு நிமிஷம்.

எனக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது.

வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“ஏழு தடவை.”

“அவன்தான் கூப்பிட்டான்.”

“எடுத்தது நீங்கதானே?”

“அழுதான்டி. எடுக்காம விட்டா ஏதாவது பண்ணிக்குவானோன்னு பயந்தேன்.”

“பண்ணிக்கல. பண்ணிட்டுப் போயிட்டான்.”

“நான் அட்ரஸ் சொல்லல.”

“தெரு?”

“சொல்லல.”

“பஸ் நம்பர்? பக்கத்துல என்ன கடை இருக்குன்னு? எத்தனாவது மாடின்னு?”

“ஒண்ணுமே சொல்லல. ‘அவ நல்லா இருக்கா, விட்டுடு சகல’ன்னுதான் சொன்னேன். ஏழு தடவையும் அதைத்தான் சொன்னேன்.”

“மூணு பேருல ஒருத்தி செத்துட்டா. நான் சொல்லல. மீதி யாருன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பதினேழு வருஷத்தில் என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

“நீ சொல்லலேன்னு உனக்கு எவ்ளோ நிச்சயமாத் தெரியும்?”

“செத்தாலும் சொல்ல மாட்டேன்னு தெரியும்.”

“எனக்கும் அவ்ளோ நிச்சயமாத் தெரியும்.”

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“மாமா, மாமான்னு உங்க பின்னாடியே சுத்தினாளே... நீங்கதான் அவளைக் கொன்னீங்க. அவன் கை மட்டும்தான் குடுத்தான்.”

அவர் எழுந்து தட்டைக் கழுவினார். துடைத்துக் கவிழ்த்தார். நான்கு சட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனார். கதவை அடித்துச் சாத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்தினார்.

பன்னிரண்டாம் நாள் மறுபடி ஸ்டேஷன்.

“அந்த ரவுட்டர் பெட்டி எங்க சீல்ல இருக்கு” என்றார் இன்ஸ்பெக்டர். “அதுல யார் யார் போன் சேர்ந்துச்சுன்னு லிஸ்ட் கிடைக்குமாமே?”

“பெட்டியே வேண்டாம் மேடம். அவளுக்கு நான்தான் என் பேர்ல அக்கவுண்ட் திறந்தேன். என் போன்லயே பார்க்கலாம்.”

“இதை முன்னாடியே பார்க்கலியா?”

“நாள் பூரா அடுத்தவங்களுக்கு அதையே பார்க்கிறேன். தோணல.”

உண்மையில், கொஞ்சம் ஆசையோடுதான் திறந்தேன். என் வீட்டுக்காரரை மாட்டிவைக்க ஏதாவது கிடைக்கும் என்ற ஆசை.

லேப்டாப். போன். டேப். பிரிண்டர். கேமரா. ஐந்தும் திங்கட்கிழமை சேர்ந்தவை.

கீழே ஆறாவதாக ஒன்று.

அவன் போன்.

“வியாழக்கிழமை, மூணு அஞ்சு. சரியா?” என்றார் இன்ஸ்பெக்டர், பேனாவை எடுத்துக்கொண்டே.

“இல்ல மேடம். முதல்ல சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. பகல் ரெண்டு நாப்பது.”

“செவ்வாய்க்கிழமையே வீட்டுக்குள்ள வந்துட்டானா?”

“வெளியில நின்னாலே போதும். சேர்ந்துக்கும்.”

“எப்படி? பாஸ்வேர்டு வேணுமே? யாரோ குடுத்திருக்கணும்ல? யாரு?”

வாயைத் திறந்தேன். என் கம்பெனிக் குரல்தான் வந்தது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, கோபக்கார வாடிக்கையாளருக்குப் புரியவைக்கிற குரல்.

“ஒரு பேரு, ஒரு பாஸ்வேர்டு போன்ல ஒரு தடவை பதிஞ்சிருந்தா, அதே பேரும் பாஸ்வேர்டும் எங்க இருந்தாலும் போன் தானா சேர்ந்துக்கும் மேடம். பெட்டி புதுசா பழசான்னு அதுக்குத் தெரியாது. யாரையும் கேக்காது.”

பேனா எழுதவில்லை. என்னையே பார்த்தார்.

பிறகு இன்ஸ்பெக்டர் அவனிடம் இதையே கேட்டபோது, தலையாட்டினானாம். முதல் முறையாக அவனை ஒருவர் நம்பியதுபோல எல்லாவற்றையும் சொன்னானாம்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு அவனுக்கு ஒரு பார்சல் இருந்தது. யாருக்கோ ஷூ. கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கப் போனை நீட்டியிருக்கிறான். போனின் மேல் மூலையில் ஒரு சின்னக் குறி. தன் வீட்டில் இருக்கும்போது வருகிற குறி. தொட்டுப் பார்த்தான்.

‘சோம்பேறிகள்’.

அந்த ஊரில் அப்படி ஒரு பெயரை வைக்க இரண்டே பேரால்தான் முடியும். ஒருவன் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

லிப்ட்டில் ஏறவில்லை. போனை முன்னால் நீட்டிக்கொண்டு படியேறினான். நான்காவது மாடியில் குறி ஒரு கோடு கூடியது. ஐந்தாவதில் முழுசாக நிறைந்தது. தாழ்வாரத்தில் கதவு கதவாக நடந்தான். கடைசிக் கதவுக்கு முன்னால் நெட்டும் வேகமாகக் கிடைத்தது. உயரமான தட்டில், கதவுப் பக்கம் இருந்ததல்லவா... நன்றாகவே கிடைத்திருக்கும்.

அன்று கதவைத் தட்டவில்லை. மேலே கேமரா இருப்பதைப் பார்த்துவிட்டு, அதன் கண்ணில் படாமல் இறங்கிவிட்டான். முகத்தை மறைக்கிற அளவுக்குப் பெரிய அட்டைப்பெட்டி கிடைக்க இரண்டு நாள் ஆனது.

அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அந்த அறையில் அவர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“புதுப் பெட்டியில பழைய பேரையே வைக்கச் சொன்னது யாரு?” என்றார் இன்ஸ்பெக்டர். “உங்க தங்கச்சியே யோசிச்சாங்களா?”

“இல்ல. அவ வேற பேரு வச்சிருந்தா. மாத்தச் சொன்னது கஸ்டமர் கேர்.”

“பேசினது யாருன்னு தெரியுமா? கூப்பிட்டு விசாரிச்சிடலாம்.”

“கூப்பிட வேண்டாம் மேடம். எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன்.”

இன்ஸ்பெக்டர் மிட்டாயைக் கடித்தார். அது உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“இது சட்டத்துல எதுலயும் வராதும்மா” என்றார் கடைசியில். பேனாவை மூடினார். “எழுதிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க போகலாம்.”

போகலாம் என்றால் எங்கே போவது என்று தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். நாலாவது முறை எடுத்தார்.

“அட்ரஸ் யார் குடுத்தாங்கன்னு தெரிஞ்சிடுச்சுங்க.”

“யாரு?”

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். இரண்டு பஸ் வந்து போயின. அந்தப் பக்கம் அவர் அண்ணன் வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

“சாப்பிட்டியா?” என்றார்.

“இல்ல.”

“சாப்பிடு.”

வேறு ஏதாவது சொல்வார் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். எப்போது வைத்தார் என்று தெரியவில்லை.

குற்றத்தை அவன் ஒப்புக்கொண்டுவிட்டதால் விசாரணை நீளவில்லை. இரண்டாவது மாதம், வாலுவின் பொருட்களை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் அண்ணன் வீட்டிலேயே இருந்தார். நான் தனியாகப் போனேன்.

பொருள் அறையில் வயதான ஏட்டு ஒருவர். ஒவ்வொன்றாக மேஜையில் வைத்து, வாய்விட்டுப் படித்து, டிக் அடித்தார். லேப்டாப் ஒன்று. செருப்பு ஒரு ஜோடி. பிரிண்டர் ஒன்று. ரவுட்டரை அதன் அட்டைப்பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தார்கள். அதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தார்.

“தூக்கி எறிஞ்சிடாதீங்கம்மா” என்றார் அக்கறையாக. “வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது. இன்னும் ரெண்டு வருஷம் பத்து மாசம் வாரண்டி இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா புதுசாவே மாத்திக் குடுத்துருவாங்க.”