மேசை என்று சொல்ல யாருக்கு ஆசை?

என் சித்தப்பா தூக்கத்தில்கூடப் பேசுவார். என்னை "வாயாடி" என்று கூப்பிடும் அவர், என்னைவிட இரண்டு மடங்கு வாயாடி! போன வருடம் அவர் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை கால் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது. வீடே வெறிச்சோடிப் போயிற்று.

மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு ஒரு தொப்பி போட்டார்கள். உள்ளே குட்டிக் குட்டி உலோகப் பொட்டுகள். நாம் பேச நினைக்கும்போது மூளையில் எழும் மின்துடிப்பை அது பிடிக்கும். கணினி அதை ஒலி ஒலியாகக் கோத்துப் பேசும். அப்படித்தான் சொன்னார்கள்.

அன்று நானும் சித்தியும் கூடப் போயிருந்தோம்.

"மேசைன்னு சொல்லுங்க சார்," என்றார் விஞ்ஞானி அக்கா.

"கர்ர்ர்," என்றது கணினி.

"நாற்காலி?"

"கர்ர்ர்."

ஒரு மாதமாக இதே கர்ர்ர்தான். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"துடிப்பு ரொம்ப பலவீனமா இருக்கு. இன்னைக்கும் ஒரு வார்த்தை வரலேன்னா, இந்தத் தொப்பி இவருக்குச் சரிவராதுன்னு விட்டுட வேண்டியதுதான்."

சித்தியின் முகம் வாடிவிட்டது. எனக்கோ கோபம் கோபமாக வந்தது.

"மேசைன்னு சொல்ல யாருக்குத்தான் ஆசை வரும்? மேசைகிட்ட அவருக்கு என்ன பேச்சு?"

"சும்மா இருடி!" என்று சித்தி அதட்டினார்.

அக்கா சிரித்துவிட்டார். "சரி, வேற என்ன செய்யலாம்? நீயே சொல்லு."

"நாங்க விளையாடுறோம். நீங்க திரையைப் பாருங்க."

பையிலிருந்த பாம்பு ஏணி அட்டையை எடுத்து விரித்தேன். அவருக்கும் சேர்த்து நானே பகடையை உருட்டினேன். சித்தப்பா ஏணியில் ஜம்மென்று ஏறினார். நான் நேராகப் போய்ப் பெரிய பாம்பின் வாயில் விழுந்தேன்.

விழுந்தால் இறங்க வேண்டும். நான் இறங்கவில்லை. வேண்டுமென்றே, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி, காயைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினேன்.

சித்தப்பாவின் கண்கள் விரிந்தன. திரையில் கோடுகள் தாறுமாறாகத் துள்ளின.

"அ... ழு... கு... ணி!" என்றது கணினி.

"அட, இந்த வார்த்தையை நாங்க கத்துக்கொடுக்கவே இல்லையே!" அக்கா துள்ளி எழுந்தார்.

நான் கைதட்டிக் குதித்தேன். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். சித்தப்பா அவரையே பார்த்தார். கோடுகள் மறுபடியும் துள்ளின.

"நீ... ஏன்... கண்ணைக்... கசக்குற?" என்று கேட்டது கணினி. "ஏமாத்தினது... அவ."

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் காயை எடுத்து, பாம்பின் வால்வரை இறக்கி வைத்தார்.