ஆறு வரிசை, எட்டு நட்சத்திரம்

“டைல்ஸ் ஒட்ட வந்தவங்க பின்பக்க வழியா வாங்கம்மா... இது பரீட்சை நடக்கிற ரூம்!”

கதவை மறித்துக்கொண்டு நின்றான் அவன். மழையில் தொப்பலாக நனைந்து, நகக்கண்ணெல்லாம் சிமெண்டோடு வாசலில் நின்றாள் அவள். சடாரென்று நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்... ஆள் காலி! இமை நுனியில் மழைத்துளி தொங்க, அந்தக் கண்கள் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தன.

“டைல்ஸ் ஒட்டுறதும் நான்தான். பரீட்சை எழுத வந்திருக்கிறதும் நான்தான். கொஞ்சம் நகர்றீங்களா?”

“ஐயோ... ஸாரிங்க. ரெஜிஸ்டர்ல பேரு...?”

“மூணாவது பேரு. படிக்கத் தெரியும்ல?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவன் திங்கட்கிழமைதான் அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் லேப் சாராகச் சேர்ந்திருந்தான். அந்த வாரம் முழுக்க அவள் அண்ணனோடு ஒரு புது வீட்டில் தரை போட்டுக்கொண்டிருந்தாள். இவன் முகத்தை அவளும் இன்றுதான் பார்க்கிறாள். ‘கண்ணாடியும் ஆளும்... என்ன திமிரு!’ என்று நினைத்தாள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் தவித்த கண்களையும் பார்த்துத் தொலைத்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இன்று எரிச்சலுக்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை. “கம்ப்யூட்டர் எல்லாம் நமக்கெதுக்கு? இந்தப் பரீட்சையில தேறலைன்னா கிளாஸுக்கு முழுக்கு, சரியா?” என்று அண்ணன் கேட்டபோது, ரோஷத்தில் “சரி” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மழைக்குக் கரண்ட் போனது. கம்ப்யூட்டர்கள் ஊமையாகிவிட, தேர்வு தாளுக்கு மாறியது. லேப் சார் தானே தயாரித்த கேள்வித்தாளைப் பெருமையாக நீட்டினான். ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு நட்சத்திரம் அச்சாக வேண்டும். வரிசையை எண்ண, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப், அதற்குள்ளே கட்டத்தை எண்ண இன்னொரு லூப். பாதி வரிகளை அவனே எழுதியிருந்தான். மீதியை நிரப்ப வேண்டும். கொடுத்த வரிகளைத் தொடக் கூடாது.

அவள் படித்தாள்... மறுபடி படித்தாள். பேனாவை எடுத்து, இரண்டு லூப்புக்கும் மேலே இருந்த ‘கட்டம் = 1’ என்ற அவனுடைய வரியை ஒரே கோடாக அடித்தாள். வெளி லூப்புக்கு உள்ளே கொண்டுபோய் எழுதினாள்.

தாளை வாங்கியவனுக்கு முகம் சிவந்தது.

“கொடுத்த வரியைத் தொடாதீங்கன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேனே... கண்ணு தெரியலையா?”

“தெரிஞ்சதாலதான் சார் மாத்தினேன். ஒரு வரிசை முடிஞ்சதும் அடுத்த வரிசையை ஒண்ணுலேர்ந்து எண்ணணுமா, இல்லையா? உங்க கணக்குல முதல் வரிசை முடியும்போதே கட்டம் ஒம்போதாயிடுது. அப்புறம் ஒண்ணுக்குத் திரும்பவே இல்லை. மீதி அஞ்சு வரிசையும் மொட்டைத் தரைதான்!”

“எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?”

“வேற யாரும் எடுக்கலையே சார்!”

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் அவனைச் சுட்டது. விறுவிறுவென்று பெரிய பூஜ்யம் ஒன்றைப் போட்டுத் தாளை நீட்டினான்.

அழுதாளா? அவளா? தெருமுனை வரைக்கும் ஒரு சொட்டு விடவில்லை. அதற்கப்புறம் மழை இருந்தது... யார் கண்டது!

அவள் போன பத்தாவது நிமிடம் கரண்ட் வந்தது. ‘எழுதியது நான்... தப்பாகுமா?’ என்று முணுமுணுத்துக்கொண்டே தன் புரோகிராமைத் தட்டினான். திரையில் ஒரே ஒரு வரிசை வந்தது. எட்டு நட்சத்திரம், கீழே அஞ்சு வெற்று வரி. அவள் எழுதியபடி மாற்றித் தட்டினான். நாற்பத்தெட்டும் வரிசை கட்டி வந்து நின்றன.

எதிரே மொத்த வகுப்பும் உட்கார்ந்திருந்தது. மெஷினில் கோளாறு என்று மழுப்பியிருக்கலாம். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான்.

“தப்பு என்னோடது. அவங்க சொன்னதுதான் சரி.”

சொல்லிவிட்டு, சென்டர் நடத்தும் மேடத்தின் அறைக்குப் போனான். திரும்பி வந்து, அவள் தரை போடுகிற வீடு எதுவென்று வகுப்பில் விசாரித்துக்கொண்டு கிளம்பினான்.

புது வீட்டுக் கூடத்தில் மண்டிபோட்டு டைல்ஸைத் தட்டிக்கொண்டிருந்தாள் அவள். பக்கத்து அறையில் அண்ணன். பூஜ்யம் என்றதுமே, “பேச்சு மாறக் கூடாது, நாளைலேர்ந்து முழுநேரம் இங்கதான்” என்று முடித்துவிட்டான்.

“ஏங்க...!”

வாசலில் சொட்டச் சொட்ட லேப் சார்.

“அங்கேயே நில்லுங்க! இப்பதான் ஒட்டியிருக்கு. கால் வெச்சீங்க... அவ்வளவுதான்!”

அப்படியே மழையில் நின்றான். நடுவில் மொத்தக் கூடம். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“தப்பு என்னோடதுதான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்! மேடமே திருத்தி முழு மார்க் போட்டாங்க! இனிமே உங்க தாளை அவங்கதான் திருத்துவாங்க!”

“ஏன், என் தாளைத் தொடக் கூடப் பயமா?”

“இல்லைங்க... பிடிச்சவங்க தாளை நானே திருத்தினா நியாயமா இருக்காதுங்க!”

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. மேஸ்திரி முதல் வீட்டுக்காரர் வரை, தப்பைப் பிறர் தலையில் கட்டுகிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறாள். தானே தலையில் ஏற்றிக்கொண்டு, மழையில் நின்று கத்துகிற ஆளை இன்றுதான் பார்க்கிறாள். கன்னம் சுட்டது... பாழாய்ப்போன சிரிப்பு வேறு வந்தது.

“யாரும்மா அது, இந்தக் கத்து கத்துறது?” அண்ணன் சிமெண்ட் பூசும் கரண்டியோடு வந்து நின்றான். அவளை முந்திக்கொண்டு பதில் சொல்ல லேப் சார் வாயெடுத்தான். அவள் கை காட்டி நிறுத்தினாள். தன் பேச்சை இன்னொருவர் பேசுவதா?

எழுந்து நின்றாள்.

“நான் தேறிட்டேன்ணா. முழு மார்க். அதனால கிளாஸுக்குப் போவேன்.”

“அது சரி... இவரு யாரு?”

வாசலைப் பார்த்தாள். மழையில் கண்ணாடி மங்கி, ஒன்றும் தெரியாமல் அவன் நின்றுகொண்டிருந்தான்.

“எனக்குப் பிடிச்சவரு. இவர்கிட்ட எனக்கு மார்க்கு வேண்டாம்ணா... இவர்தான் வேணும்!”