ஒரு ஊசி, நாற்பது லட்சம் பேர்

பிரிட்டோ கழிப்பறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்தபடி, குப்பியிலிருந்த மஞ்சள் திரவத்தைக் குழிக்குள் கொட்டினான். உப்புநீரை நிரப்பினான். நிறத்துக்கு அரை வைட்டமின் மாத்திரையைக் கரைத்தான்.

வெளியே ரங்கதுரை கதவைத் தட்டினார். செவ்வாய்க் கோளிலுள்ள செந்நாட்டின் கால்பந்துக் கழகத் தலைவர். போதைக் கடத்தல் கூட்டுக்கும் அவர்தான் தலைவர். இரண்டுக்கும் ஒரே விசிட்டிங் கார்டு.

“ஆறு நிமிஷம்தான் இருக்கு. என் கண்ணு முன்னாடி போட்டுக்கப்பா.”

வெளியே வந்து, அவர் பார்க்க, கெண்டைக்காலில் ஊசியை இறக்கினான். ரங்கதுரை அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

செந்நாட்டில் இது தினசரிக் காட்சி. வீரர்கள் ஷூ நாடாவைக் கட்டுவார்கள், ‘துளி’ என்ற அந்த மஞ்சள் மருந்தை ஏற்றிக்கொள்வார்கள், தேசிய கீதத்துக்கு வரிசையில் நிற்பார்கள். ஆட்டம் முடிந்ததும் ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் போதை இல்லாதவனுக்கு ஆயுள் தடை.

பத்து வயதானால் ஒவ்வொரு குடிமகனுக்கும் காதுக்குப் பின்னால் ஓர் உணர்சில்லு. சட்டம் அப்படி. கோல் அடிக்கும் வீரனின் நரம்பில் ஓடுவது, அந்த நொடியில் சில்லு வழியாக ரசிகனின் நரம்பிலும் ஓடும். பொட்டலம் கட்டுவது, எல்லை தாண்டுவது, மாட்டிக்கொள்வது என்ற பழைய தொல்லைகளைக் கூட்டு எப்போதோ விட்டுவிட்டது. ஒருவன் காலில் ஏற்றினால் நாற்பது லட்சம் பேருக்கு ஏறும். இருபது வருடம் தோற்ற நாடு இப்போது நான்கு கோப்பைகள் வாங்கியிருந்தது. எப்படி என்று கேட்ட ஒரே ஆள் முன்னாள் கேப்டன் தங்கப்பழம். அவர் பிராணவாயு முகமூடியை மறந்துவிட்டு, குவிமாடத்துக்கு வெளியே நடைப்பயிற்சி போனதாக அறிக்கை வந்தது.

பிரிட்டோ கேட்கவில்லை. ஒன்பது வருடமாக ஏற்றிக்கொண்டான். ஆனால் இன்று மகள் ஜோவிட்டாவுக்குப் பத்தாவது பிறந்தநாள். காலையில் மனைவி ஸ்டெல்லா அவளைச் சில்லு மையத்துக்குக் கூட்டிப்போயிருந்தாள். இப்போது இருவரும் கேலரியில், இரண்டாம் வரிசையில். சில்லோடு மகள் பார்க்கும் முதல் ஆட்டம். தன் ரத்தத்திலிருந்து அந்தக் கருமம் அவளுக்குப் போகக் கூடாது. அப்புறம் தங்கப்பழத்தின் வழியில் தன்னை அனுப்பினாலும் அனுப்பட்டும்.

துளி இல்லாத கால்கள் சிமெண்ட் மூட்டைகளாகக் கனத்தன. இரண்டு முறை விழுந்தான். வாந்தி வந்தது, விழுங்கினான். எண்பத்தோராவது நிமிடம், வலது ஓரத்திலிருந்து வந்த பந்தை நெஞ்சில் வாங்கி, திரும்பி, அடித்தான்.

கோல்.

ஒன்பது வருடக் கோல்களும் உச்சந்தலையில் வெடித்தவை. இது வெடிக்கவில்லை. வியர்த்த முகத்தில் காற்றுப் பட்டது மாதிரி, சின்னதாக, சொந்தமாக ஒரு சந்தோஷம்.

மைதானம் கரண்ட் போன வீடு போல இருந்தது. ஒருவர்கூடக் கை தட்டவில்லை. காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோட்டோரம் ரங்கதுரை நின்றிருந்தார். முகத்தில் கோபமே இல்லை. கையில் இன்னொரு குப்பி இருந்தது.

பிரிட்டோ வேலியைத் தாண்டி மகளிடம் ஓடினான். ஜோவிட்டாவுக்குப் பல் கிட்டித்திருந்தது. ஃபிராக் முழுக்க வியர்வை.

“இன்னாப்பா கோல் இது? எப்பவும் வருமே, அது ஏன் வர்ல?”

“எப்பவுமா?”

அவள் கோட்டோரத்துக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஸ்டெல்லாவைப் பார்த்தான். அவள் தலை குனிந்தாள்.

“திட்டாதய்யா. காலைல வெச்சது மொத சில்லு இல்ல, பழச எடுத்துட்டுப் பெரிய சைஸ் மாத்துனேன். ரெண்டு வயசுல சோத்தத் துப்பித் துப்பிப் போட்டா. எல்லா வூட்லயும் அப்பவே திருட்டுத்தனமா வெக்கறாங்கன்னு நானும் வெச்சிட்டேன். உன் கோல் ரீப்ளே ஓடுனாத்தான் ஒரு வாய் சோறு எறங்கும் அவளுக்கு.”